எழுவானுக்கும் படுவானுக்கும் நடுவே ஒரு முகம்

எங்கள் மாவட்டத்தில் நிலத்துக்குப் பெயர் வந்ததே சூரியனால்தான். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் மேட்டுநிலமுமாக விரிவது படுவான்கரை. நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வாவிக்கு அப்பால் எழுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு படகுப்பாதைக்குக் காத்து நின்ற காலம் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்கூட்டியில்தான் பயணம். காலை ஏழு மணிக்குக் கிழக்கு நோக்கிப் போகிறேன், பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்கு நோக்கித் திரும்புகிறேன். போகும்போதும் வரும்போதும் சூரியன் என் முகத்துக்கு நேரேதான் நிற்கிறது. இந்தச் சின்னக் கணக்கை நான் போட்டுப் பார்ப்பதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் என் முகத்தில் வந்த கறுப்புத் திட்டையும், அதை நீக்குவதற்காக நான் செய்த பிழையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் திட்டு, இரண்டாவது மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வந்தது. இரண்டு கன்ன எலும்புகளின் மேலும் மேலுதட்டின் மேலும், பிளேன்ரீ சிந்திக் காய்ந்த கறை போல, இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் படர்ந்திருந்தது. நோவு இல்லை, கடி இல்லை. கிளினிக்கில் குடும்பநல மாது பார்த்துவிட்டு, "புள்ள பிறந்தாப் போயிரும் மகள், பயப்பிட வேணாம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கர்ப்ப காலத்தில் உயரும் ஈஸ்திரஜனும் புரொஜெஸ்தரோனும் தோலின் நிறமிக் கலங்களைத் தூண்டுகின்றன; பிரசவத்தின் பின் சில மாதங்களில் பலருக்கு அந்தக் கறுப்பு மங்கிவிடுகிறது. எனக்கும் மங்கியது. ஆனால் பிள்ளைக்கு ஒரு வயது கடந்தபின் நான் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கத் தொடங்கினேன். அதிலும் இருப்பவை அதே வகை ஓமோன்கள்தாம். ஆறு மாதத்துக்குள் கறுப்பு திரும்பி வந்தது; இம்முறை நெற்றிக்கும் ஏறியிருந்தது.

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர் மெலஸ்மா. தமிழில் மங்கு என்பார்கள். பெயர் தெரிவதற்கு முன்பே ஊர் வாய் தொடங்கிவிட்டது. கலியாண வீட்டிலும், கோயில் வீதியிலும், பாடசாலை ஆசிரியர் அறையிலும் என்னைக் கண்டவர்கள் சுகம் விசாரிப்பதற்கு முன் முகத்தைத்தான் விசாரித்தார்கள். ஈரலில் ஏதோ கோளாறு என்றார் ஒருவர். முகம் கழுவுவதில்லையா என்று கேட்டவரும் உண்டு. கேட்டவர்களில் பெரும்பாலானோர் அன்பினால்தான் கேட்டார்கள் என்பதை அறிவேன். ஆயினும், ஒரு நாளைக்கு நான்கு பேர் அதையே கேட்கும்போது, நாம் வெளியே புறப்படும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன் நின்று நம்மையே குற்றம் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். நான் செய்த பிழைக்கு அந்த மனநிலைதான் வழி திறந்தது.

ஓர் அழகுநிலையத்தில் கிறீம் ஒன்று தந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா. மூடியில் ஒரு பெண்ணின் படம். சேர்மானங்களின் பட்டியல் எங்கும் இல்லை. இரவில் பூசச் சொன்னார்கள். பத்து நாளில் கறுப்பு வெளிறத் தொடங்கியது. மூன்றாவது வாரம் ஆசிரியர் அறையில் எல்லோரும் "என்ன பூசுறீங்க?" என்று கேட்டார்கள், நானும் மகிழ்ச்சியோடு டப்பாவைக் காட்டினேன். அப்படிக் காட்டியதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வருந்துகிறது. நான்கு மாதத்தில் டப்பா தீர்ந்து, புதியது வாங்க ஒரு வாரம் பிந்தியது. அந்த ஒரு வாரத்துக்குள் முகம் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, கன்னத்தில் சிறு சிறு பருக்கள் எழும்பி, வெயிலில் ஐந்து நிமிடம் நிற்க முடியாதபடி எரிந்தது. கண்ணாடிக்கு அருகில் போய்ப் பார்த்தால் கன்னத்தில் நூல் போன்ற சிவப்பு நரம்புகள் தெரிந்தன. தாடையோரத்தில் பூனைமயிர் தடித்திருந்தது. பழைய கறுப்பு, இருந்ததைவிட இருண்டு, அதே இடத்தில் வந்து நின்றது.

அரச வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் காலை ஆறரைக்கு இலக்கம் எடுத்து, பதினொரு மணிக்கு வைத்தியர் முன் அமர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டப்பாவைக் கேட்டார். மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து, டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் மணிமணியாக அச்சிட்டிருந்த வரியை விரலால் காட்டினார். தங்க நகையில் படாமல் பூசவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "டீச்சர், நல்ல கிறீமுக்கு தங்கத்தோட என்ன பகை?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவரே சொன்னார்: பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளிறச் செய்யும், ஆகவே வெள்ளி, தங்கம், அலுமினியம் ஆகியவற்றில் படவேண்டாம் என்ற எச்சரிக்கை ஒரு முகக் கிறீமில் இருந்தால் அதில் பாதரசம் இருக்கலாமென்று ஐயப்பட வேண்டும். நான் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தேன். நான்கு மாதமாக அதைச் சுற்றித்தான் அந்தக் கிறீமைத் தடவியிருக்கிறேன்.

பாதரச உப்புகள், நிறமி உண்டாகத் தேவையான தைரோசினேஸ் என்ற நொதியத்தைத் தடுக்கின்றன. அதனால்தான் முகம் விரைவாக வெளிறுகிறது. ஆனால் அது தோலோடு நின்றுவிடுவதில்லை. உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. சிறுநீரில் புரதம் கசிவதும், நுரை தள்ளுவதும், காலும் கண்ணிமையும் வீங்குவதும் அதன் அறிகுறிகள். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்த வைத்தியர்கள், அவர்களில் 13 பேர் முக வெண்மைக் கிறீம் பாவித்தவர்கள் என்று கண்டறிந்தார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, அழகுப் பொருளில் மில்லியனில் 1 பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று எல்லை வைத்தது. 2023 இல் அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவும் 2025 இற்குப் பிறகு கூடாது என்று நாடுகள் முடிவு செய்தன. சட்டம் அங்கே இருக்கிறது. டப்பாக்கள் இங்கே கடைகளில் இருக்கின்றன.

என் சிறுநீரைப் பரிசோதித்தார்கள்; புரதம் இல்லை என்று வந்தது. அன்றிரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கு வந்த சிவப்பும் பருவும் நரம்பும் மயிரும் பாதரசத்தால் வந்தவை அல்ல, கிறீமில் கலந்திருந்த கடுமையான ஸ்டீரொயிட்டால் வந்தவை என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்றவை எக்சிமாவுக்கும் வேறு தோல் நோய்களுக்கும் அளவோடு கொடுக்கப்படும் நல்ல மருந்துகள்; ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் இப்படிக் கொந்தளிக்கும். ஆகவே வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் கேட்டு வாங்கும் "முகத்துக்கு ஒரு ரியூப்" என்பதும் அந்த டப்பாவுக்கு அதிகம் குறைந்ததல்ல.

முதல் எட்டு வாரத்துக்கு அவர் எனக்குக் கறுப்புக்கு மருந்தே தரவில்லை. மணமில்லாத ஈரப்பதக் கிறீம், வெயில் தடுப்புக் கிறீம், மென்மையான சவர்க்காரம், இவ்வளவுதான். எரிந்துகொண்டிருக்கும் தோலில் எதைப் பூசினாலும் அழற்சி கூடும்; எங்கள் மாநிறத் தோலில் அழற்சி ஆறும்போது அதுவே புதிய கறுப்பாக மாறும். அந்த எட்டு வாரம் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில்தான் இது என்ன நோய் என்பதைப் பொறுமையாகக் கேட்டு அறிந்தேன்.

மெலஸ்மாவை முகத்தில் ஒட்டிய அழுக்கு என்று நினைப்பதால்தான் தேய்த்து எடுக்கப் பார்க்கிறோம். தோலின் அடிவரிசையில் இருக்கும் மெலனோசைற் கலங்கள் மெலனின் என்ற நிறமியைச் செய்து மேலே உள்ள கலங்களுக்குக் கொடுக்கின்றன. மெலஸ்மாவில் அந்தக் கலங்கள் வெளிச்சத்துக்கும் ஓமோனுக்கும் அளவுக்கு மீறி விழித்துக்கொள்கின்றன. அதோடு, அவற்றுக்குக் கீழே இருக்கும் மெல்லிய படலம் பல ஆண்டு வெயிலால் சேதமடைந்து, நிறமி ஆழத்துக்கு இறங்குகிறது; அந்த இடத்தில் இரத்த நாளங்களும் கூடுகின்றன. கறுப்பு மங்கிய பின்னும் அந்த இடத்தின் குணம் மாறுவதில்லை. ஆகவே இதைப் பிரஷரைப் போல, சீனியைப் போல, கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருண்ட அறையில் ஊதா விளக்கொன்றைப் பிடித்து என் முகத்தைப் பார்த்தார் வைத்தியர். மேல்தோலில் இருக்கும் நிறமி அந்த வெளிச்சத்தில் கூர்மையாகத் தெரியும். ஆழத்தில் இருப்பது அப்படித் தெரியாது. எனக்கு இரண்டும் கலந்திருந்தது. மேலே உள்ளது மருந்துக்கு இறங்கும், கீழே உள்ளது மெல்ல மெல்லத்தான் அசையும் என்றார்.

அடுத்து அவர் கேட்டது குளிசையைப் பற்றி. நான் வைத்தியரோடும் குடும்பநல மாதுவோடும் பேசி, ஓமோன் இல்லாத செப்பு லூப்புக்கு மாறினேன். எல்லோரும் மாற வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. குளிசை எடுக்கிறோம் என்பதைத் தோல் வைத்தியரிடம் சொல்லாமல் விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு மருந்து தொடங்கியது. முதலில் 20 சதவீத அசலைக் அமிலக் கிறீம். பூசிய சில நிமிடங்கள் குறுகுறுக்கும், பிறகு அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுக்கக்கூடியது என்பதால் வைத்தியர்கள் இதை விரும்புகிறார்கள். மூன்று மாதத்தின் பின், எட்டு வாரத்துக்கு மட்டும் என்ற கண்டிப்போடு முக்கூட்டுக் கிறீம் எழுதித் தந்தார். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1975 இல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு தோல் வைத்தியர்கள் ஹைட்ரோகுவினோனையும் ட்ரெற்றினோயினையும் மிதமான அளவு ஸ்டீரொயிட்டையும் சேர்த்து ஒரு கலவையை வெளியிட்டார்கள். இன்றைய முக்கூட்டு அதன் வழிவந்தது. ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், ட்ரெற்றினோயின் 0.05, புளுவோசினோலோன் 0.01 என்பது வழக்கமான அளவு. இங்கேயும் ஸ்டீரொயிட் இருக்கிறதே என்று நான் அதிர்ந்து கேட்டேன். "இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்ற மூன்றும் எழுதியிருக்கிறது. உங்கள் டப்பாவில் அந்த மூன்றும் இல்லை" என்றார் வைத்தியர். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்கு ஒக்ரோனோசிஸ் என்ற நீலக்கறுப்பு படர்வதுண்டு; அது பழைய மெலஸ்மாவைவிடப் பிடிவாதமானது. ட்ரெற்றினோயினைக் கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு எண்ணியிருப்பவர்களும் தொடக் கூடாது.

குளிசையாக எடுக்கும் ட்ரனெக்சமிக் அமிலம் பற்றியும் பேசினோம். அது இரத்தப் போக்கை நிறுத்தும் மருந்து. 1979 இல் யப்பானில் ஒரு வைத்தியர் அது மெலஸ்மாவையும் மங்கச் செய்வதைக் கவனித்து எழுதினார். இன்று 250 மில்லிகிராம் இரண்டு வேளை என்ற சிறிய அளவில் சில மாதங்களுக்குக் கொடுக்கிறார்கள். இரத்தம் உறையும் சுபாவம் உள்ளவர்களுக்கும், ஓமோன் குளிசை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். என் தாயாருக்குக் காலில் இரத்தக்கட்டி வந்திருந்ததைச் சொன்னதும் வைத்தியர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். லேசர் பற்றிக் கேட்டபோது, எங்கள் நிறத் தோலில் அதன் சூடே மறுபடி கறுப்பைக் கிளப்பிவிடலாம், கடைசியில் பார்ப்போம் என்றார்; அந்தக் கடைசி எனக்கு வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் கூடுதலாக எழுத விரும்புவது வெயிலைப் பற்றித்தான், ஏனென்றால் மருந்து மூன்று மாதத்தில் இறக்கியதை வெயில் மூன்று நாளில் ஏற்றிவிடுகிறது. ஏப்ரல் முதல் அரைப்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. புறஊதாக்கதிர்ச் சுட்டெண் 11 ஐ எட்டினால் உச்ச அபாயம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. எங்கள் உச்சிவேளை ஆண்டின் பல மாதங்களில் அதைத் தொட்டுவிடுகிறது. மேகம் மூடியிருந்தாலும் கணிசமான கதிர் வருகிறது; கடற்கரை மணல் ஒரு பங்கைத் திருப்பி முகத்துக்கே அடிக்கிறது. வகுப்பறை யன்னல் கண்ணாடி, புறஊதாவில் யூ.வி.பி. என்ற வகைக் கதிரை நிறுத்தினாலும் யூ.வி.ஏ. என்ற வகையை உள்ளே விடும்.

இன்னொன்றை அறிந்தபோது எனக்குப் பெரிய வியப்பு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, எங்கள் போன்ற நிறமுள்ள தோலில் மெலஸ்மாவைத் தூண்டும். வழமையான வெயில் தடுப்புக் கிறீம் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஒக்சைட் சேர்த்த, தோல் நிறச் சாயமுள்ள கிறீம்தான் தடுக்கும். சாயம் அழகுக்காக என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் வேலையில் பாதியை அந்தச் சாயம்தான் செய்கிறது. வெள்ளைக் கிறீம் பூசினால் முகத்தில் திருநீறு படிந்ததுபோல் தெரிகிறதே என்று கைவிட்டவர்களுக்கும் இது நல்ல வழி.

அளவும் முக்கியம். கிறீமில் எழுதியிருக்கும் வெயில் தடுப்பு எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்பது யூ.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்பது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். ஆனால் அந்தக் கணக்கு தடிப்பாகப் பூசினால்தான் செல்லும். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு இழுத்தால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. நான் முன்பு பட்டாணி அளவு தொட்டுப் பூசிக்கொண்டு, ரியூப் இரண்டு மாதம் வருகிறதே என்று மகிழ்ந்திருந்தேன். இப்போது அது மூன்று வாரத்தில் முடிகிறது. விலை கூடியதுதான், ஆசிரியச் சம்பளத்தில் அது உறைக்கிறது. ஆகவே எங்கள் வயலில் அருவி வெட்டும் பெண்கள் செய்வதை நானும் செய்கிறேன். அவர்கள் பழைய பருத்திச் சேலைத் துணியால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள். பாலத்தில் ஏறும் முன் நானும் இருண்ட நிறத் துணியால் கன்னத்தை மூடி, முழு முகக் கவசமுள்ள ஹெல்மெட்டை அணிகிறேன். இடைவேளை மணி அடித்ததும் ஒரு தடவை, பிற்பகல் புறப்படும் முன் ஒரு தடவை மறுபடி பூசுகிறேன். வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுக்கிறேன்.

சமையலறை வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. தேசிப்புளியை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போவது, அதன் சாற்றிலுள்ள ஒரு பொருள் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்குவதற்குச் சமம். சீனியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதும், பற்பசை பூசுவதும் அழற்சியை உண்டாக்கிக் கறுப்பைக் கூட்டலாம். கற்றாழையும் சந்தனமும் குளிர்ச்சி தரும், பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை; ஆனால் மெலஸ்மாவை அவை அகற்றிவிடும் என்று நம்பி ஆண்டைக் கடத்த வேண்டாம்.

முகத்தில் வரும் எல்லாத் திட்டும் மெலஸ்மாவும் அல்ல. கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். திட்டு வெளிறி, அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். வாவி நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்துவந்ததால் எங்கள் மூத்தவர்களுக்கு "திட்டு" என்ற சொல்லே அச்சம் தரும். அந்த அச்சத்தால் ஒளித்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இன்று குளிசையால் முற்றாகக் குணமாகும் நோய், மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம். எதுவென்று பிரித்துச் சொல்ல வைத்தியரின் கண் வேண்டும்.

இன்றைக்கு என் கன்னத்தில் கறுப்பு இருக்கிறது. தெரிந்தவர் தேடினால் காண்பார். கடந்த சித்திரையில் கோயில் திருவிழாவுக்காக மூன்று நாள் உச்சிவெயிலில் நின்றபோது அது மீண்டும் எழும்பியது. வைத்தியரிடம் போனேன், அசலைக் அமிலத்தை மறுபடி தொடங்கினேன், ஆவணிக்குள் அடங்கிவிட்டது. தோலின் மேற்படை புதுப்பிக்கப்பட ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் என்பதை அறிந்தபின், ஒவ்வொரு காலையும் கண்ணாடியில் அளந்து பார்ப்பதை நிறுத்தினேன். மாதத்தின் முதலாம் திகதி மட்டும், அதே யன்னலோரத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைக்கிறேன்.

அன்றைக்கு என் டப்பாவைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று வாங்கிய சக ஆசிரியை ஒருவர் எங்கள் பாடசாலையில் இருக்கிறார். நான் நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சிவக்கிறது, பயமாக இருக்கிறது என்றார். அந்தப் பயத்தை நான் அறிவேன். போன வாரம் அவர் தன் கால் வீங்குவதாகச் சொன்னார். வரும் கிளினிக் நாளுக்கு இருவரும் அரைநாள் லீவு போட்டிருக்கிறோம். காலையில் பாலத்தடியில் சந்திப்பதாகப் பேச்சு. டப்பாவை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.